பெருங்கட்டை பிளப்பது எப்படி: இடுப்பு பிடிக்காமல் விறகாக்க ஒரு வழிகாட்டி

வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம், ஆரணி என்று இந்தப் பக்கம் கொஞ்சம் நிலமோ பழைய வீடோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி என்றாவது ஒருநாள் வரும். காற்றில் ஒரு புளியமரம் சாயும். பட்டுப்போன மாமரம் ஓட்டு வீட்டின் மேல் விழுந்துவிடுமோ என்று வெட்ட வேண்டி வரும். கிளைகளையெல்லாம் யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். அடிமரம் மட்டும் வட்ட வட்டமாக அறுபட்டு முற்றத்தில் கிடக்கும். அதைத் தொட ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் கூலியைக் கேட்டால் கேஸ் சிலிண்டரே தேவலாம் என்று தோன்றும்.

எங்கள் வரப்பில் நின்ற புளி சாய்ந்து, அதை விறகாக்கி முடிப்பதற்குள் கோடாரி, ஆப்பு, டயர், வைத்தியம் எல்லாவற்றையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வீட்டில் வெந்நீர்த் தவலைக்கோ, ஆடி மாதம் கூழ் ஊற்றவோ, விசேஷத்துக்கு அண்டா ஏற்றவோ விறகு வேண்டும், ஆனால் கோடாரி பிடித்துப் பழக்கமில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழகிய கைகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடாரி வீசுவதால் இடுப்பு போவது குறைவு. கட்டையைக் குனிந்து தூக்குவது, மாட்டிக்கொண்ட கோடாரியைத் திருகி இழுப்பது, பிளந்த துண்டை இடுப்பைத் திருப்பிப் பின்பக்கம் வீசுவது, இந்த மூன்றும்தான் ஆளைப் படுக்க வைக்கின்றன. இரண்டடி விட்டமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள பச்சைப் புளியங்கட்டை ஒன்று 100 கிலோவைத் தாண்டும். கடையில் விற்கும் 26 கிலோ அரிசி மூட்டை நான்கைச் சேர்த்துக் கட்டித் தூக்குவதும் இதுவும் ஒன்றுதான். ஆகவே முழுக்கட்டையை யாரும் எங்கேயும் தூக்கத் தேவையில்லாதபடி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகளே.

1. முதலில், அந்த மரம் உங்களுடையதா?

பட்டா நிலத்தில் நிற்கும் வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்), யூகலிப்டஸ், சவுக்கு, தென்னை போன்றவற்றுக்குச் சமவெளியில் பெரிதாகத் தொல்லை இல்லை. சந்தனம், செம்மரம், ஈட்டி, தேக்கு என்றால் உங்கள் சொந்த நிலமே ஆனாலும் வனத்துறையைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் சந்தனம் வரப்போரம் தானாக முளைத்து நிற்பது சாதாரணம். என்ன மரம் என்று தெரியாமல் வெட்டினேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். பனைமரத்துக்குக் கலெக்டரின் அனுமதி வேண்டும். ஏரிக்கரை, ஓடை, சாலையோரத்து மரம் புறம்போக்கு மரம். அது விழுந்தே கிடந்தாலும் உங்களுடையது ஆகாது. விஏஓவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டையை வேறு இடத்துக்கு வண்டியில் ஏற்றுவதாக இருந்தால் சிட்டா நகல் ஒன்றையும், மரம் எங்கே நின்றது என்று விஏஓ எழுதிக் கொடுத்த கடிதத்தையும் டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள். சிட்டாவை அரசு இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். பிரிண்ட் எடுக்கிற செலவுதான். மரத்தின் பெயர் கடிதத்தில் இருக்க வேண்டும், "மரக்கட்டை" என்று பொதுவாக எழுதி வாங்காதீர்கள். சந்தேகமான மரம் என்றால் உங்கள் பகுதி வனச்சரகர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆற்காடு ஆகிய இடங்களில் சரக அலுவலகங்கள் இருக்கின்றன. சித்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் சும்மா தருகிறார் என்று எல்லை தாண்டி விறகு கொண்டுவரும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். செம்மரக் கடத்தலால் அந்த வழியில் மரம் ஏற்றிய வண்டி எது வந்தாலும் கேள்வி வரும். மிச்சமாகும் காசு அலைச்சலிலேயே கரைந்துவிடும்.

கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் மரத்தில் ஆள் ஏற வேண்டும். அவர்கள் வருகிற நாளுக்கு ஏற்ப நீங்கள் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் வருகிற நாளுக்கு அவர்கள் வர மாட்டார்கள்.

2. மிஷின்காரரிடம் முன்பே பேச வேண்டியது

உங்கள் இடுப்பு தப்புமா தப்பாதா என்பது பாதி இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. மிஷின் ரம்பம் கொண்டுவருபவர் மரத்தை அறுத்துக் கீழே போட்டுவிட்டு, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டடி, இரண்டரை அடி நீளத்துக்கு அறுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருக்கு அதில் அறுப்பு குறைவு. உங்களுக்கு அவை எமன்.

முதல் நிபந்தனை, நீளம். ஒன்றிலிருந்து ஒன்றேகால் அடிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் பிளவு ஓட வேண்டும், நீளம் குறைந்தால் அடிக்கிற தடவையும் பாதியாகும். ஒரு குச்சியை அளவாக வெட்டி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்ன அளவு மதியத்துக்கு மேல் நீண்டுகொண்டே போகும்.

இரண்டாவது, கணு உள்ள கட்டைகள். கிளை பிரிந்த இடம், வேர் முட்டு, முறுக்கிக்கொண்டு வளர்ந்த பகுதி ஆகியவற்றை அவரையே நெடுக்காக அறுத்து நான்காக்கித் தரச் சொல்லுங்கள். கட்டையைப் படுக்கவைத்து நாரின் போக்கிலேயே அறுத்தால் ரம்பம் வேகமாக இறங்கும். தூளுக்குப் பதில் நீள நீளமான இழைகளாக வரும். அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஆனால் முன்பே பேசாவிட்டால் தனியாகக் காசு கேட்பார், அல்லது "செயின் போயிடும் சார்" என்பார். மற்ற பெருங்கட்டைகளுக்கும் அறுபட்ட முகத்தில் குறுக்காக இரண்டு விரல் ஆழம் ஒரு வெட்டு போட்டுத் தந்தால் ஆப்பு நிற்க அது போதும். அடிக்கும்போது நழுவித் தெறிக்காது.

மூன்றாவது, கூலி. எங்கள் பக்கம் மிஷினோடு ஒருநாளுக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் வருவதில்லை. மரமும் இடமும் சிக்கலானால் ஏறும். அது ஆளுக்கா, மிஷினுக்கா, பெட்ரோலும் ஆயிலும் சேர்த்தா, உதவிக்கு வருகிற பையனுக்கு யார் கொடுப்பது என்று நான்கையும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மொத்தமாகப் பேசுவதைவிட நாள்கூலி பேசி, அன்று முழுக்கக் கூடவே நிற்பது லாபம். நிற்க முடியாதவர்கள் மொத்தமாகப் பேசிக்கொள்ளலாம். அப்போது மேலே சொன்ன நீளமும் நான்காக்குவதும் பேச்சில் இருக்கட்டும்.

அறுத்த கட்டைகளை ஒரே இடத்தில் குவிக்கச் சொல்லாதீர்கள். விழுந்த இடத்திலேயே பரந்து கிடக்கட்டும். நீங்கள் கட்டையிடம் போக வேண்டும், கட்டை உங்களிடம் வரக் கூடாது.

3. எந்த மரம், எப்போது பிளக்கும்?

விறகு காய்ந்தால் சுலபமாகப் பிளக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் நிறைய மரங்களுக்குப் பொருந்தாது. வேலிக்காத்தான், யூகலிப்டஸ், புளி மூன்றும் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டியவை. வைரம் பாய்ந்த புளி காய்ந்துவிட்டால் கோடாரி துள்ளித் திரும்பும். யூகலிப்டஸ் நேராக ஓடும், வெட்டிய வாரமே பிளந்தால் சந்தோஷமான வேலை. மாமரம் கணு இல்லாத இடத்தில் சுமாராகப் போகும். வேம்பு நார் பின்னிக்கொண்டிருக்கும், ஒரே அடியில் பிளக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தூங்குமூஞ்சியும் அப்படித்தான். தென்னையையும் பனையையும் கோடாரியால் பிளக்க முயலவே வேண்டாம், அது மரம் என்பதைவிட நார்க்கட்டு. அறுத்துத்தான் ஆக வேண்டும்.

அரளிக் கட்டை கிடைத்தால் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் புகையும் விஷம்.

4. சாமான்கள், செலவு

கோடாரி: இந்தப் பக்கம் இரும்புக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது மரம் வெட்டும் மெல்லிய அலகு. அது கட்டைக்குள் இறங்கி அப்படியே மாட்டிக்கொள்ளும். பிளப்பதற்கு அலகு மெல்ல ஆரம்பித்து சட்டென்று தடித்துப் போக வேண்டும். தலை இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். "எல்லாம் ஒன்றுதான் சார், கூர் போட்டால் வெண்ணெய் மாதிரி போகும்" என்று ஒரு கடையில் மெல்லியதையே தலையில் கட்டினார்கள். கடையிலேயே அலகைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், ஆப்பு வடிவம் தெரிய வேண்டும். கிடைக்காவிட்டால் கொல்லர் பட்டறையில் சொல்லி அடிக்கலாம். காம்போடு சேர்த்து 500லிருந்து 1,000 ரூபாய்க்குள் முடியும்.

காம்பு: நீளம் உங்கள் இடுப்புயரத்துக்கு நெருங்கி இருக்க வேண்டும். குட்டைக் காம்பு குனிய வைக்கும், குறி தப்பினால் காலுக்கும் வரும். உலர்ந்த கருவேலங்கிளை நல்ல காம்பு. கணு இல்லாததாகப் பார்த்து எடுங்கள். தலை ஆடுகிறதா என்று ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் பாருங்கள். தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது அன்றைக்கு மட்டும் உதவும், மறுநாள் முன்னைவிடத் தளரும். சின்ன மர ஆப்பு ஒன்றை முகப்பில் அடித்து இறுக்குவதே நிற்கும்.

இரும்பு ஆப்பு: பெருங்கட்டைக்கு உண்மையான ஆயுதம் இதுதான். கோடாரிகூட அப்புறம்தான். மூன்று வேண்டும். இரண்டோடு ஆரம்பித்தால் இரண்டும் உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கும் நேரம் கட்டாயம் வரும். பட்டறையில் எடைக்கு இரும்பும் அடிகூலியும் சேர்த்து வாங்குவார்கள். லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் தகட்டில்) செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கடினமான எஃகு, சம்மட்டி பட்டால் சில்லு தெறிக்கும். சாதாரண இரும்பு போதும். அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான் குடைபோல விரிந்தால் உடனே கிரைண்டரில் ஓரத்தைச் சீவிவிடுங்கள். அந்த ஓரம்தான் உடைந்து கண்ணுக்கோ கழுத்துக்கோ பறக்கும்.

சம்மட்டி: நான்கு கிலோ. கடைக்காரர் எட்டு கிலோவைக் காட்டி ஆசை காட்டுவார். முதல் பத்து அடிக்கு அது நன்றாகத்தான் இருக்கும், அதன் பிறகு ஒவ்வொரு முறை தூக்குவதும் இடுப்பின் கணக்கில் போய் விழும்.

கடப்பாரை: உருட்டவும் நெம்பவும். வீட்டிலேயே இருக்கும்.

கண்ணாடி, ஷூ, கையுறை: வெல்டிங் சாமான் கடையில் வெள்ளைக் கண்ணாடி 100 ரூபாய் அளவில் கிடைக்கும். ஷூவுக்கும் தோல் கையுறைக்கும் நாம் வெளியூர் தேட வேண்டியதில்லை. ராணிப்பேட்டையும் ஆம்பூரும் பக்கத்திலேயே இருக்கின்றன. முனையில் இரும்புத் தகடு வைத்த ஷூவாக வாங்குங்கள். வேலிக்காத்தான் முள் ரப்பர் செருப்பை ஊடுருவிவிடும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த வேலை செய்யாதீர்கள்.

5. எந்த மாதம், எந்த நேரம்

தை, மாசியில் அறுத்துப் பிளந்துவிட்டால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் உங்களுக்காக வேலை செய்யும். வேலூர் வெயிலைத் திட்டுகிற நாம் இந்த ஒரு விஷயத்தில் அதற்கு நன்றி சொல்லலாம். பிளந்த விறகு ஆடிக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். முழுக்கட்டையாகவே விட்டால் அத்தனை வெயிலும் மேல் பட்டையோடு நின்றுவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குள் போய்விட வேண்டும். கத்திரி வெயிலில் பிளக்கும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரம் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெயிலுக்கு பயந்து எழுந்ததும் கோடாரியை எடுக்கத் தோன்றும். ஆனால் இரவு முழுக்கப் படுத்திருந்ததில் முதுகெலும்பின் நடுவே இருக்கும் தட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்கிற வேலைக்கு ஏற்றதல்ல. ஐந்து மணிக்கு எழுந்து, டீ குடித்து, மாட்டைக் கவனித்து, கொஞ்சம் நடந்துவிட்டு ஆறரைக்கு ஆரம்பித்தால் சரியாக இருக்கும். ஒன்பது மணிக்கு நிறுத்திவிடலாம். மிச்சம் சாயங்காலம் நாலரைக்கு மேல். இருபது நிமிஷம் அடித்தால் பத்து நிமிஷம் உட்காருங்கள். கேழ்வரகுக் கூழில் மோர் கரைத்து உப்புப் போட்டு ஒரு செம்பு பக்கத்தில் இருக்கட்டும். வெறும் தண்ணீரைவிட அது தாங்கும்.

6. கட்டையை நிறுத்துவது

கட்டையைப் புரட்டுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். சில வாரம் கிடந்த கட்டையின் அடியில் தேள் இருக்கும், விரியனும் இருக்கலாம். பட்டையின் இடுக்கில் விரலை விடாதீர்கள். ஏதாவது கடித்துவிட்டால் மந்திரிக்க நேரம் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் விஷமுறிவு மருந்து உண்டு.

பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் நாங்கள் இருவர் சேர்ந்து ஒரு கட்டையை அசைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குத் தூக்கற? உருட்டினு போப்பா" என்றார். சரிதானே. வட்டமாக இருப்பதே உருட்டத்தான். படுத்திருக்கும் கட்டையைத் தள்ளும்போது முதுகை வளைக்காமல், ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலை மடக்கி, உடம்பின் எடையால் தள்ளுங்கள். நிமிர்த்தி நிறுத்த வேண்டுமானால் ஓரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, அதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நெம்புங்கள். பள்ளத்தை நோக்கி உருட்டாதீர்கள். ஒருமுறை போக ஆரம்பித்தால் நிற்காது.

பெருங்கட்டைக்கு அடியில் வேறு கட்டை வைக்கத் தேவையில்லை. தரையிலேயே நிற்கட்டும். பாறையோ சிமெண்டுத் தளமோ வேண்டாம், அலகு பட்டால் வாய் போய்விடும். ஆட்டம் கண்டால் சிராயைச் செருகி நிலைநிறுத்துங்கள். சிறு துண்டுகளை உடைக்க மட்டும் முழங்காலுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் ஒரு அடிக்கட்டை போதும்.

அடுத்து டயர். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான். டிராக்டரின் பின்சக்கரப் பழைய டயரின் உள்வாய் 28 அங்குலம், இரண்டடிக் கட்டை உள்ளே நிற்கும். லாரி டயரில் 20 அங்குலத்துக்கு உட்பட்டது நிற்கும். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள், இல்லை டீ செலவுக்குக் கேட்பார்கள். டயருக்குள் கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சாயாமல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பொறுக்கி நிறுத்துகிற வேலை மொத்தமும் போய்விடும். நீங்கள் சுற்றி வந்து அடித்துக்கொண்டே இருக்கலாம். பெரிய டயர் கிடைக்காவிட்டால் பழைய லாரி டியூப்பைப் பட்டையாக வெட்டிக் கட்டையைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள், அதுவும் பிடித்து நிறுத்தும்.

வேலை முடிந்ததும் டயரில் ஓட்டை போட்டுவிடுங்கள், அல்லது மழை படாமல் கூரைக்கு அடியில் வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு. சுகாதாரத் துறை ஆட்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது பழைய டயரைத்தான்.

7. பிளப்பது

கட்டையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். அவைதான் வழி. கணு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைக் கீழே வைத்து, கணு இல்லாத முனையில் அடியுங்கள். கணுவைக் குறுக்கே பிளக்கலாம் என்று போட்டி போடாதீர்கள்.

பெரிய கட்டையை நடுவில் அடிக்கக் கூடாது. இது எல்லோரும் செய்கிற காரியம். நடுவில் எல்லாப் பக்கமும் நார் இறுக்கிப் பிடித்திருக்கும். ஓரத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே ஒரு கோட்டை மனதில் போட்டு, பட்டையோடு சேர்த்து ஒரு பலகையாகச் சீவி எடுங்கள். ஒரு காலடி நகர்ந்து அடுத்த பலகை. இப்படியே சுற்றி வந்தால் கட்டை சிறுத்துக்கொண்டே போகும். கடைசியில் நிற்கும் நடுத்துண்டு எட்டு பத்து அங்குலம்தான் இருக்கும், அதை நடுவில் அடிக்கலாம்.

வைரம் பாய்ந்ததென்றால் கோடாரியை வைத்துவிட்டு ஆப்பை எடுங்கள். வெடிப்பின் மேல் ஆப்பை வைத்து, சின்னச் சுத்தியலால் அது தானாக நிற்கும்வரை தட்டுங்கள். கையை முழுக்க எடுத்த பிறகுதான் சம்மட்டி. இன்னொருவர் ஆப்பைப் பிடித்துக்கொள்ள நீங்கள் அடிக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். முதல் ஆப்பு பாதி இறங்கியதும் அதே கோட்டில் சற்றுத் தள்ளி இரண்டாவது. அது இறங்கும்போது முதலாவது தளரும். மூன்றாவது, பிளவு பக்கவாட்டில் தெரிய ஆரம்பித்ததும் அங்கே. அடிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். "டங்" என்று வருவது மாறி மந்தமாகக் கிழிகிற சத்தம் வந்தால் அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் காத்திருங்கள். நார் தானாகவே விட்டுக்கொண்டிருக்கும்.

நிற்கிற விதம்: கால்களைத் தோளகலம் விரித்து, கட்டைக்கு நேர் எதிரே நில்லுங்கள். ஒரு காலை முன்னே வைத்துப் பக்கவாட்டில் நிற்பதுதான் இடுப்பைத் திருப்புகிறது. கையை நீட்டி, அலகை நீங்கள் அடிக்கப்போகும் கோட்டின் மேல் வைத்துத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். குறி எப்போதும் உங்கள் பக்கத்து ஓரத்தில். அந்தப் பக்க ஓரத்தைக் குறிபார்த்தால் அலகு தாண்டிப் போய்க் காம்பு முறியும். தூக்கும்போது ஒரு கை கோடாரித் தலைக்கு அருகில், இன்னொரு கை காம்பின் நுனியில். இறங்கும்போது மேல்கை வழுக்கிக் கீழ்க்கையோடு சேரட்டும். அலகு கட்டையைத் தொடும் நேரத்தில் முழங்காலை மடக்கி உடம்பையே சற்றுக் கீழே இறக்குங்கள். இரண்டு லாபம்: முதுகு வளையாது, குறி தப்பினாலும் அலகு காலை நோக்கி வளைந்து வராமல் நேராகத் தரைக்குப் போகும். வேகம் கொடுப்பதுதான் உங்கள் வேலை, அழுத்துவது அலகின் எடையின் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிறீர்கள் என்றால் ஏதோ தப்பு, ஆப்பை எடுங்கள்.

கோடாரி முதுகை ஆப்பின் மேல் சம்மட்டிபோல் அடிப்பதும், மாட்டிய கோடாரியின் முதுகில் சம்மட்டியால் அடிப்பதும் வேண்டாம். கோடாரியின் கண் (காம்பு நுழையும் ஓட்டை) விரிந்து தலை கழன்றுவிடும்.

8. மாட்டிக்கொண்டால்

கோடாரி மாட்டிக்கொண்டால் குனிந்து இடமும் வலமும் திருகாதீர்கள். மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் இந்த ஒரு அசைவில்தான் போகிறார்கள் என்று அடித்துச் சொல்வேன். காம்பின் நுனியை உள்ளங்கையால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. இரண்டு மூன்று முறையில் தளரும். தளராவிட்டால் பக்கத்தில் ஒரு ஆப்பை இறக்குங்கள், கோடாரி தானாக வெளியே வரும். கட்டையோடு சேர்த்துக் கோடாரியைத் தலைக்குமேல் தூக்கித் திருப்பி அடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையளவு துண்டுக்கு அது சரி.

ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். பாதி விரிந்த பிளவுக்குள் விழுந்த சிராயை எடுக்கவோ, ஆப்பை உருவவோ விரலை விடாதீர்கள். ஆப்பு நழுவினால் பிளவு மூடிக்கொள்ளும். குச்சியால் எடுங்கள்.

9. அடுக்குவது

பிளந்த துண்டையும் இரண்டிரண்டாக மட்டும் எடுங்கள். கட்டட வேலைக்காரர்களிடம் இருக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை ஒருநாள் இரவல் கேட்டால் பாதிச் சுமை குறையும். எடுத்த துண்டை இடுப்பை மட்டும் திருப்பிப் பின்னால் போடாமல், பாதத்தையும் சேர்த்துத் திருப்பிப் போடுங்கள். தரையில் நேராக அடுக்கினால் கரையான் பிடிக்கும். உடைந்த வேலிக்கல் கால்களை இரண்டு வரிசையாகப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பட்டை மேலே பார்த்திருக்கட்டும். தார்ப்பாயை மேலே மட்டும் போடுங்கள், நான்கு பக்கமும் மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

10. அப்படியும் பிடித்துவிட்டால்

சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு நாள்கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதில்லை. வேலையை நிறுத்தி, அன்று ஓய்வெடுத்து, மறுநாள் வீட்டுக்குள்ளாவது மெல்ல நடங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் ஓடி அழுத்தி முறுக்கச் சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்: வலி காலுக்கு இறங்கிப் பாதம் மரத்துப்போகிறதா, காலைத் தூக்க முடியவில்லையா, சிறுநீர் அடைத்துக்கொண்டதா அல்லது தானாகப் போகிறதா, உட்காரும் இடம் மரத்துப்போனதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை, மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. முள் ஏறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசி இலவசம்.

11. மிஞ்சும் முண்டுக் கட்டைகள்

எவ்வளவு செய்தாலும் நாலைந்து கட்டை பிளக்கவே பிளக்காது. வேர் முட்டும் கிளைக் கவையும் சேர்ந்தவை. அவற்றோடு மல்லுக்கட்டாமல் விற்றுவிடுங்கள். விறகுத் தொட்டிக்காரர்கள் எடைக்கு எடுப்பார்கள், செங்கல் சூளைக்குப் பெருங்கட்டை அப்படியே போகும். புளி என்றால் விசேஷத்துக்குப் பிரியாணி போடுகிற மாஸ்டர்களிடமும் கேட்டுப் பாருங்கள். தம் போட நின்று எரிகிற தணல் வேண்டும் என்பதால் அவர்கள் தடித்த கட்டையைத் தேடுவார்கள். பச்சையாக இருக்கும்போதே எடை போட்டால் உங்களுக்கு லாபம், வாங்குபவரும் அதைத் தெரிந்துதான் விலை சொல்வார். எந்த எடைமேடை, எடைக்கூலியும் ஏற்றுகூலியும் யாருடையது என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்றுகூலி உங்களுடையது என்றால் அந்த வியாபாரம் வேண்டாம்.